ஹேஷ் கீயில் தொலைந்த ரெஃபரன்ஸ்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். ஒரு சரக்கு நிறுவனத்தில் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய பழைய நிரல்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு ஹேஷ் உண்டு, அதாவது கீ என்ற பெயரும் அதற்கான வேல்யூ என்ற மதிப்பும் ஜோடி ஜோடியாக இருக்கும் பட்டியல். அதன் ரெஃபரன்ஸையே (நினைவகத்தில் அது இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி) இன்னொரு ஹேஷில் கீயாகப் போட்டேன். திரும்ப எடுத்தால் 'ஹேஷ்' என்ற சொல்லும் அடைப்புக்குறிக்குள் நீண்ட எண்ணும்தான் வருகின்றன. அதை வைத்து உள்ளே போனால் ஸ்ட்ரிக்ட் (பெர்லின் கண்டிப்பு விதி) பிழை. 'நோ ஸ்ட்ரிக்ட்' போட்டேன், பிழை போய்விட்டது, ஆனால் விவரமெல்லாம் காலி. அந்த எண்ணிலிருந்து ரெஃபரன்ஸை மீட்க முடியுமா?

வாசகர், ஈசூன்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த 'நோ ஸ்ட்ரிக்ட்' வரியை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் பெர்ல் உங்கள் ஸ்ட்ரிங்கை, அதாவது அந்த எழுத்து வரியை, ஒரு மாறியின் பெயராக எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயரில் ஒரு குளோபல் (நிரல் முழுக்கப் பொதுவான) ஹேஷைத் தேடும், கிடைக்காததால் வெறும் ஹேஷைத் தரும். நீங்கள் பார்த்த காலி அதுதான். உங்கள் கன்டெய்னரை அது தொடவே இல்லை.

பெர்லின் சாதாரண ஹேஷில் கீ என்றால் ஸ்ட்ரிங் மட்டும்தான். ரெஃபரன்ஸைக் கொடுத்தால் அதன் வகையையும் நினைவக முகவரியையும் எழுதி வைத்துக்கொள்ளும். பெர்ல் ஒரு ஆப்ஜெக்டை (உங்கள் ஹேஷ் போல நினைவகத்தில் இருக்கும் தரவை) எத்தனை ரெஃபரன்ஸ்கள் பிடித்திருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை பூஜ்யமானதும் அழித்துவிடும். உங்கள் ஸ்ட்ரிங் அந்தக் கணக்கில் வராது. இங்கே தங்ளின் ஹால்ட் பேட்டையில் காலிசெய்த அடுக்குமாடி புளோக்கின் முகவரி இன்னும் என் டைரியில் இருக்கிறது. நான் எழுதி வைத்திருப்பதற்காக யாரும் இடிக்காமல் விடப்போவதில்லை.

முகவரி எண்ணை மறுபடி ரெஃபரன்ஸாக்கும் வித்தைகள் உண்டு. பெர்லோடு வரும் 'பி' என்ற மாட்யூலை (துணை நிரல் தொகுப்பை) வளைத்துச் செய்யலாம், பைத்தான் மொழியில் சிடைப்ஸ் மாட்யூல் வழியாகச் செய்யலாம். தயவுசெய்து வேலைக்கான நிரலில் செய்யாதீர்கள். ஆப்ஜெக்ட் அழிந்திருந்தால் நிரல் விழும். விழாமல் ஓடினால் இன்னும் மோசம், ஏனென்றால் காலியான இடத்தை பெர்ல் அடுத்த ஆப்ஜெக்டுக்குக் கொடுத்திருக்கும்.

இது எனக்கே நடந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில், பார்த்து முடித்த சரக்குப் பதிவுகளை இப்படித்தான் ரெஃபரன்ஸ் ஸ்ட்ரிங்கைக் கீயாக வைத்துக் குறித்துக்கொண்டோம். ஒரு பதிவு முடிந்து அழியும், புதுப் பதிவு அதே முகவரியில் வந்து உட்காரும். "இதைப் பார்த்தாயிற்று" என்று நிரல் தாண்டிப் போய்விடும். பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. சில சரக்குகள் பட்டியலிலேயே இல்லை, அவ்வளவுதான். கண்டுபிடிக்க மூன்று இரவு ஆனது.

சரி, உங்களுக்கு வழி. மூல ஹேஷ்கள் ஏதாவது ஒரு அரேயில் (வரிசைப் பட்டியலில்) இன்னும் உயிரோடு இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் ஒவ்வொன்றின் ஸ்ட்ரிங் வடிவத்தையும் கீயாகவும், அதே ரெஃபரன்ஸை வேல்யூவாகவும் வைத்து ஒரு அகராதி கட்டுங்கள். தொலைந்ததெல்லாம் அதில் கிடைக்கும். அந்த ஸ்ட்ரிங் ஃபைலில் எழுதப்பட்டு நிரலும் நின்றுவிட்டது என்றால் மீட்க ஒன்றுமில்லை. அடுத்த ஓட்டத்தில் அந்த முகவரிக்கு அர்த்தம் கிடையாது.

இனிமேலுக்கு, கீ எதுவாக இருந்தாலும் ரெஃபரன்ஸை வேல்யூ பக்கத்தில் வையுங்கள். அது ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொள்ளும், முகவரியும் வேறு கைக்குப் போகாது. ரெஃபரன்ஸே கீயாக வேண்டுமென்றால் பெர்லோடு வரும் 'டை ரெஃப்ஹேஷ்' மாட்யூல் இருக்கிறது. பெர்ல் 5.10 பதிப்பு முதல் 'ஃபீல்ட்ஹேஷ்' மாட்யூலும் உண்டு. அதில் பதிவுசெய்த ஆப்ஜெக்டை எண்ணிலிருந்தே முறையாகத் திரும்பப் பெறலாம், அழிந்திருந்தால் ஒன்றும் வராது. ஆனால் உங்கள் இடத்தில் நானாக இருந்தால் கன்டெய்னர் எண்ணையே கீயாக வைப்பேன். கப்பல் துறை உங்களுக்கு ஏற்கெனவே ஒரு நல்ல கீயைக் கொடுத்திருக்கிறது.

அப்புறம் ஒன்று. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சாதாரண ஆப்ஜெக்டில் (அங்கே ஹேஷ் போலப் பயன்படுவது) இதே தவறைச் செய்தால் முகவரிகூட மிஞ்சாது. எல்லாமே 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்ற ஒரே கீயில் போய் விழும், ஒன்றை ஒன்று அழிக்கும். அங்கே 2015இல் வந்த, ஆப்ஜெக்டையே கீயாக ஏற்கும் 'மேப்'பைப் பயன்படுத்துங்கள்.

இன்று செய்ய வேண்டியது: கடந்த ஓட்டங்களில் எத்தனை கன்டெய்னர் உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று எண்ணிப் பாருங்கள். கணக்கு உதைத்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா