சைன் வளைவுக்கு ஒரு சைக்கிள் போதும்

டீச்சர், உங்கள் பிளஸ் ஒன் பிள்ளைகள் சைன் வரைபடத்தை மனப்பாடமாகப் போடுகிறார்கள், வட்டத்தோடு அதற்கு என்ன உறவு என்று கேட்டால் முழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

ஒரு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பின் சக்கர ரிம்மில் ஒரு சாக்பீஸ் குறி. கம்பிகளை எண்ணச் சொல்லுங்கள். 40 இருந்தால் ஒரு கம்பிக்கு 9 பாகை. குறியை அச்சு மட்டத்தில் தொடங்கி, இரண்டிரண்டு கம்பியாகத் திருப்பி, தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து வரைபடத்தாளில் புள்ளி வைக்கட்டும். ஒரு சுற்றுக்கு 20 புள்ளி. கிடையாகத் திருப்பிய கோணம், செங்குத்தாக உயரம் என்று வைத்துப் புள்ளிகளை இணைத்தால் அதுதான் சைன் வளைவு. உச்சியில் உயரம் லேசாகத்தான் மாறும், அச்சு மட்டத்தில் மளமளவென்று மாறும். அதை அவர்களே கவனித்துச் சொல்லும்வரை தயவுசெய்து சூத்திரத்தை எழுதாதீர்கள்.

கடலூரிலேயே இருக்கிறீர்கள், ரேடியனுக்கு (ஆரத்தின் நீளமே உள்ள வில் வட்ட மையத்தில் உண்டாக்கும் கோணம்) சில்வர் பீச் ஈர மணல் இருக்கிறது. வழுக்காமல் உருட்டினால், சக்கரம் 1 ரேடியன் சுழலும்போது சைக்கிள் ஒரு ஆரம் தூரம் நகரும். நூல் வைத்து அளக்கலாம்.