குறைந்த செலவில் வீட்டில் பேஸ் கிட்டார் பழக எந்த மாதிரி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கலாம்?

வாட்ஸைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் ஸ்பீக்கரின் அளவைப் பாருங்கள். நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சின்ன 6 அங்குல ஸ்பீக்கரில் சுரம் கேட்கும், கனம் கேட்காது. 8 அங்குலம் போதும். 10 கிடைத்தால் விடாதீர்கள். வாட்ஸ் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சம். அறைக்குள் வாசிக்க 15 முதல் 25 வாட்ஸ் தாராளம். டிரம்ஸோடு சேர்ந்தால் மட்டும் எடுபடாது.

ஹெட்போன் வசதி கட்டாயம் இருக்கட்டும் (அக்கம்பக்கத்தார் வாழ்த்துவார்கள்). எஃபெக்ட்ஸ் (ஒலியை மாற்றிக் காட்டும் வசதிகள்) எல்லாம் அப்புறம். பழைய ஆம்ப் என்றால் சத்தத்தைக் கூட்டி, தாழ்ந்த சுரத்தை வாசித்துப் பாருங்கள். கடகடவென்று அதிர்ந்தால் வேண்டாம். கையில் சாதாரண கிட்டார் ஆம்ப் இருக்கிறதா? சரி, சத்தத்தைக் குறைத்தே வைத்துச் சமாளிக்கலாம்; கூட்டினால் ஸ்பீக்கர் கெட்டுப்போகலாம்.