நீர்மூழ்கிகளின் பெயரும் எண்ணும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப்போர்க் கால நீர்மூழ்கிகளைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். பெரிய போர்க்கப்பல்களுக்கு மன்னர்களின் பெயரையும் மாநிலங்களின் பெயரையும் சூட்டிய கடற்படைகள், நீர்மூழ்கிகளுக்கு மட்டும் ஏ-2, கே-13 என்று எழுத்தும் எண்ணும் தந்தது ஏன்? அவற்றைக் கப்பலாகவே மதிக்கவில்லையா?

வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

மதிப்புக் குறைவும் ஒரு காரணம்தான். ஆனால் அமெரிக்காவுக்கு அது பொருந்தாது. அங்கே முதலில் பெயர்கள் இருந்து, பிறகுதான் பறிக்கப்பட்டன.

அயர்லாந்தில் பிறந்த ஜான் பிலிப் ஹாலண்ட் வடிவமைத்த படகை அமெரிக்கக் கடற்படை 1900 ஏப்ரலில் வாங்கியது. படகின் பெயரும் ஹாலண்ட்தான். ஏறத்தாழ 16 மீட்டர் நீளம், ஆறு பேர், ஒரே ஒரு டார்பிடோ குழாய். நீர்மேல் ஓடப் பெட்ரோல் எஞ்சினும், அடியில் ஓட மின்கல மோட்டாரும் இருந்தன. நீருக்கடியிலிருந்தே மேலே பார்க்க உதவும் பெரிஸ்கோப் கிடையாது. தளபதி கோபுரத்துச் சிறு கண்ணாடிகள் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்பதால், படகு ஓங்கிலை (டால்பினை) போல மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைச் சாய்த்து மீண்டும் அமிழும். அடுத்து வந்த ஏழு படகுகளில் ஒன்றுக்குப் போர்பஸ் என்ற கடற்பன்றியின் பெயர் அமைந்தது பொருத்தமே. ஷார்க், பைக் என்ற மீன்களோடு ஆடர், மோகசின் என்ற நச்சுப்பாம்புகளும் அவற்றில் இருந்தன. பின்னர் டரான்டுலா என்று ஒரு சிலந்தியும் சேர்ந்தது. ஒரே கடியில் பெரிய உயிரைச் சாய்க்கும் சிறு பிராணி என்ற எண்ணமே இதில் தெரிவதாக நான் கருதுகிறேன்.

1911 நவம்பர் 17 அன்று ஆடர் ஏ-2 ஆயிற்று, டரான்டுலா பி-3 ஆயிற்று. பத்தாண்டுக்குள் வடிவமைப்பு அவ்வளவு வேகமாக மாறியிருந்தது: ஏ வகுப்பு பெட்ரோலில் ஓடியது, 1912இல் பணியில் சேர்ந்த ஈ-1 டீசலில் ஓடியது. எழுத்தைக் கண்டால் படகு எந்தத் தலைமுறை என்று தெரிந்துவிடும். பாம்பின் பெயர் அதைச் சொல்லாது. 1931இல் அமெரிக்கா பெயர்களுக்குத் திரும்பியபோது, நாட்டிலஸ் ஆன வி-6 ஏறத்தாழ 113 மீட்டர் நீளமுள்ள கப்பலாகவே வளர்ந்திருந்தது.

பிரிட்டனில் உங்கள் ஐயத்துக்கு இடமுண்டு. ஹாலண்ட் 1 முதல் 5 வரை கட்டிய பின், அங்கே நேராக ஏ, பி, சி என்றே போனார்கள். நீராவியில் ஓடிய கே-13, 1917 ஜனவரியில் சோதனை ஓட்டத்தின்போது கொதிகலன் அறையின் காற்றுவழிகள் மூடப்படாமல் மூழ்கியதில் 32 பேர் இறந்தனர். அதே படகை மீட்டுச் செப்பனிட்டு, கே-22 என்று எண்ணை மட்டும் மாற்றிக் கடலில் விட்டார்கள். இடையில் பெயர் சூட்டும் வழக்கம் வந்தும், இரண்டாம் உலகப்போரில் மீண்டும் எண்கள் புகுந்தன. 1942 இறுதியில் சர்ச்சில் வற்புறுத்திய பிறகே பி-219 போன்றவை செராஃப் முதலிய பெயர்களைப் பெற்றன.

ஆயினும் ஜெர்மனியை நினைத்துப் பாருங்கள். 1906இல் யூ-1 தொடங்கி 1945 வரை எண்களையே வைத்திருந்த அந்தக் கடற்படை, நீர்மூழ்கியை மதிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.