அப்பாவுக்குப் ப்ராஸ்டேட் வீக்கம் என்கிறார்கள், நல்ல யூராலஜிஸ்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று வருடம் முன்பு இதே கேள்வியோடு நான் அலைந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்கு அப்போது 67 வயது. சிறுநீர் போக ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பார். தேனியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போக வேண்டுமென்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

முதலில் போன இடத்தில் டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ப்ராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) '48 கிராம்' என்ற வரியைப் பேனாவால் வட்டம் போட்டார், அடுத்த வாரமே ஆபரேஷன் என்று தேதி கொடுத்தார். அப்பாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவே இல்லை. ப்ராஸ்டேட் பெரிதாக இருப்பதை மட்டும் வைத்து ஆபரேஷன் முடிவு செய்வதில்லை, தொந்தரவு எவ்வளவு, நீர் எவ்வளவு தங்குகிறது, கிட்னி எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்கும் டாக்டரிடம் போய், "உங்க வீட்டு ஆளாக இருந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று நேராகவே கேட்டேன். அவர் ஒரு பெயர் சொன்னார். இணையத்தில் டாக்டர்களுக்குக் கொடுக்கும் நட்சத்திர மதிப்பீட்டைவிட இந்த ஒரு கேள்விதான் எனக்கு உதவியது. படிப்பையும் பாருங்கள்: எம்.எஸ். ஜெனரல் சர்ஜரிக்கு மேல் எம்.சிஎச். யூராலஜியோ டிஎன்பி யூராலஜியோ இருக்க வேண்டும். நெஃப்ராலஜிஸ்ட் வேறு, அவர் கிட்னி செயல் குறைவுக்கு மருந்து, டயாலிசிஸ் பார்ப்பவர். கல், அடைப்பு, ப்ராஸ்டேட் எல்லாம் யூராலஜிஸ்ட் வேலை.

சர்க்கரை டாக்டர் சொன்ன அந்த யூராலஜிஸ்ட், மகள் பக்கத்தில் இருந்தால் அப்பா பேச மாட்டார் என்று புரிந்துகொண்டு, என்னைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னார். தொந்தரவு எவ்வளவு என்று அளக்க ஏழு கேள்வி உள்ள ஒரு தாள், மொத்தம் 35 மதிப்பெண். அப்பாவுக்கு 16 வந்தது, அதாவது நடுத்தரம். புனல் வைத்த மெஷினில் நீர் போகும் வேகத்தைப் பார்த்தார்கள், போன பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேன் எடுத்தார்கள். வீட்டில் மூன்று நாள், போகும்போதெல்லாம் எத்தனை மில்லி என்று அளந்து எழுதச் சொன்னார். அம்மா ஒரு பழைய பிளாஸ்டிக் அளவு ஜாடியைக் கொடுத்தார், அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம் போட்டு எழுதினார். அதில்தான் தெரிந்தது, பகலைவிட ராத்திரியில்தான் அதிகம் போகிறார் என்று. பிரஷருக்குச் சாப்பிட்ட மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து இருந்தது, அதை ராத்திரி போட்டுக்கொண்டிருந்தார்! அது பிரஷர் டாக்டரைக் கேட்டுக் காலைக்கு மாறியது.

கூடவே, நீர் போகும் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் மாத்திரை எழுதினார். படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது, தலை சுற்றும், பின்னால் கண்புரை ஆபரேஷன் செய்தால் இந்த மாத்திரையைக் கண் டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும் என்றார். போன வருடம் கண் ஆபரேஷனின்போது அப்படியே சொன்னோம். கேட்காமலே இப்படிச் சொல்பவரை விடாதீர்கள்.

ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பெரியப்பா பயந்து தள்ளிப்போட்டே வந்தார், ஒரு ராத்திரி சொட்டு நீர்கூட வராமல் அடிவயிறு உப்பி, துடித்து, சிறுநீர் டியூப் போடத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆபரேஷன் என்று சொன்னால் ஏன் இப்போது, டியூஆர்பியா (சிறுநீர் வழியாகவே கருவி விட்டு ப்ராஸ்டேட்டைச் சுரண்டி எடுப்பது) லேசரா, எத்தனை நாள் டியூப் இருக்கும், விந்து வெளியே வராமல் பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போவது மாதிரி என்னென்ன மாறும் என்று கேளுங்கள், பொறுமையாகப் பதில் வர வேண்டும். சிறுநீரில் ரத்தம் வந்தால் மட்டும், ஒரே தடவையாக இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், யாரையும் தேடிக்கொண்டிருக்காமல் கிடைக்கும் யூராலஜிஸ்டிடம் உடனே போங்கள்.

செலவு பயமென்றால் மதுரை ராஜாஜி, சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் யூராலஜி துறை இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், பிரஷர் மாத்திரை உட்பட. உள்ளே போனதும் அப்பாவைக் கொஞ்ச நேரம் டாக்டரோடு தனியாக விடுங்கள்.