வசூல் ஏஜென்டுக்குப் பயந்து புரோக்கரிடம் போகாதீர்கள்

கேள்வி: வேலை போனதால் தனிநபர் கடனில் மூன்று தவணை பாக்கி. வசூல் ஏஜென்ட் காலை ஆறரைக்கே போன் செய்கிறார். என் நாத்தனாரிடமும் பேசிவிட்டார். ‘போலீஸ் வீட்டுக்கு வரும்’ என்கிறார். கடனைப் பாதியாகக் குறைத்துத் தருவதாக ஒரு நிறுவனம் கட்டணம் கேட்கிறது. சேரலாமா?

பதில்: சேராதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் போன் தொல்லை.

பாக்கி கேட்டு காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. மிரட்டுவது, உறவினர்களைத் தொந்தரவு செய்வது எதுவும் கூடாது. ஏஜென்ட் செய்வதற்கு வங்கிதான் பொறுப்பு. ‘அது அவுட்சோர்சிங், எங்களுக்குத் தெரியாது மேடம்’ என்று கிளையில் கைவிரித்தால் விடாதீர்கள்.

ஏஜென்டிடம் வாய்ச்சண்டை வேண்டாம். பெயரையும் ஏஜென்சியையும் கேட்டு எழுதிக்கொண்டு, அழைப்பைப் பதிவு செய்யுங்கள். நாத்தனாருக்கு வந்த அழைப்பின் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும். இவற்றை வைத்து வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம். விடிந்தும் விடியாமலும் வசவு கேட்கிறவர் முப்பது நாள் பொறுக்க வேண்டுமாம்! விதி எழுதியவர்களுக்கு இப்படிப் போன் வந்திருக்காது. மிரட்டல் எல்லை மீறினால் அதற்காகக் காத்திருக்காமல் போலீசில் எழுதிக் கொடுங்கள். ‘வாங்கின கடனைக் கட்டுங்கம்மா’ என்று அனுப்பப் பார்ப்பார்கள், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

தவணை கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம், அதற்குக் கைது கிடையாது. ஒன்றில் மட்டும் கவனம்: நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் செக் தொடர்பான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கு வரலாம். கணக்கிலிருந்து தானாக எடுக்கும் இ.சி.எஸ். திரும்பினாலும் இதே கதைதான். ஆனால் உடனே வழக்கு இல்லை. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கடன் கொடுத்த வங்கி எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் அந்தத் தொகையைக் கட்டினால் வழக்கு வராது. பலர் பயத்தில் பதிவுத் தபாலையே வாங்காமல் திருப்பிவிடுகிறார்கள். அப்படித் திருப்பினாலும் நோட்டீஸ் சேர்ந்ததாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். 15 நாள் வீணாவதுதான் மிச்சம். தபாலை வாங்கி, உறையோடு வக்கீலிடம் காட்டுங்கள்.

இப்போது அந்தப் ‘பாதிக் கடன்’ ஆசாமிகள். ‘தவணையை நிறுத்துங்கள், போனை எடுக்காதீர்கள், எங்களுக்கு மாதாமாதம் கட்டுங்கள்’ என்பார்கள். வட்டியும் அபராதமும் ஏறுவது உங்கள் கணக்கில். வக்கீல் நோட்டீஸ் என்று அவர்கள் அனுப்பும் காகிதத்தைப் பார்த்து எந்த வங்கியும் பயப்படாது. குறைத்துக் கட்டும் செட்டில்மென்ட்டை வங்கியிடம் நீங்களே கேட்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவானால் அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம் என்பதை எந்தப் புரோக்கரும் சொல்ல மாட்டார். வேலை போனதற்கான கடிதத்தைக் காட்டி, தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி முதலில் கேளுங்கள். செட்டில்மென்ட்தான் வழி என்றால், வங்கியின் லெட்டர்ஹெட்டில் தொகையும் கெடுவும் எழுதி வாங்கிய பிறகே பணம். அதையும் கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள், ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்கிற ‘நோ டியூ’ சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அவர்களாகத் தர மாட்டார்கள்.