பரிவட்டம் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இப்போது தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் குடியிருப்பவன் நான். தோட்டத்தில் திருட்டோ அடிதடியோ நடந்தால் வேலையை மேற்பார்க்கும் தண்டலும் கோயில் தலைவரும் பஞ்சாயத்துக் கூட்டி அன்றிரவே முடித்துவைப்பார்கள். இன்று பதினைந்து வயதுப் பையன்கள் குண்டர் கும்பலில் சேர்கிறார்கள், கேட்க ஆளில்லை. அந்தப் பஞ்சாயத்தைத் தாமானில் மீண்டும் அமைத்தால் என்ன?

வாசகர், பீடோங்

அன்புள்ள வாசகருக்கு,

தண்டலின் சொல் எடுபட்டதற்கு அவருடைய நேர்மை ஒன்றே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. அவருக்குப் பின்னால் தோட்ட நிர்வாகியான துரை இருந்தார். துரையின் கையில் வேலையும் லயத்து வீடும் இருந்தன. தண்டலைப் பகைத்துக்கொண்டவன் மறுநாள் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடப்படாமல் நிற்க நேரும் என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்டம் போனதோடு அந்த அதிகாரமும் போயிற்று. வீட்டுக்கடன் கட்டித் தாமானில் குடியிருப்பவரை யாரும் அப்படி மிரட்ட முடியாது, மிரட்டவும் கூடாது. அன்றிரவே முடிந்ததாக நீங்கள் நினைவுகூரும் வழக்குகளிலும், அடிபட்ட மனைவியோ பாலியல் துன்பத்துக்கு ஆளான சிறுமியோ வாய்திறக்க வழியில்லாததால் முடிந்துபோனவை உண்டு. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்தும் காவல் நிலையத்தில் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு, அவர் கோயில் தலைவராகவே இருந்தாலும்.

உங்கள் ஊரிலேயே வேறொரு முன்னோடி இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை துரையின் தயவை நம்பி நிற்கவில்லை. 1947இல் போலீஸ் அதை ஒடுக்கும்வரை கெடாத் தோட்டங்களின் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தது. வெட்டுக்குத்து நடந்த பிறகு தீர்ப்புச் சொல்ல உட்காராமல், அதற்கு முந்திய குடியிலேயே அவர்கள் கைவைத்தார்கள்.

இன்றைய தலைவர்கள் கைவைக்க வேண்டிய இடம், உபயக்காரர் பெயர்கள் அச்சாகும் திருவிழா நோட்டீஸ் என்பேன். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. ஆனால் கும்பலின் அடையாள எண் பொறித்த டீசட்டையோடு ஒரு கூட்டம் ரதத்துக்கு முன்னால் ஆடிவந்தால் யார் என்று கேட்கும் கமிட்டி அபூர்வம். அந்தக் கூட்டத்தின் 'அண்ணன்' அன்னதான உபயத்துக்குக் கத்தையாகப் பணம் நீட்டுகிறார். பொருளாளர் கேள்வியில்லாமல் ரசீது எழுதுகிறார். கொடியேற்றத்தன்று குருக்கள் அவர் தலையில் பரிவட்டம் கட்டுகிறார். பந்தற்காலைப் பிடித்தபடி அதைப் பார்த்துநிற்கும் பையனுக்கு, ஊரில் மரியாதை எந்த வழியாக வரும் என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பஞ்சாயத்து வேண்டாம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் உபயக்காரர் பட்டியலைப் பெயர் பெயராகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வசூல் குறையும், சிலர் முணுமுணுப்பார்கள், மிரட்டலும் வரலாம். அதனால் மறுக்கும் பொறுப்பைத் தலைவர் ஒருவர் தலையில் கட்டாமல் கமிட்டித் தீர்மானமாகவே எழுதி, அதன் நகலை முன்கூட்டியே காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.