கையில் கிடைத்த தோல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'அறத்தோடு வாழ்வதுதான் மகிழ்ச்சி என்றார் அரிஸ்டாட்டில்' என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். என் அப்பா 30 வருடம் ரேஷன் கடையில் எடை போட்டவர். யாருக்கும் 100 கிராம் குறைத்ததில்லை, ஊரே சொல்லும். கடைசி 4 வருடம் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்தார். அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கிரேக்கர்கள் சொன்னதெல்லாம் வெறும் ஆறுதல் வார்த்தைதானா?

க.

அன்புள்ள க.,

அந்த வரி நான் அவசரத்தில் எழுதியது. அரிஸ்டாட்டில் சொன்னது அவ்வளவு சுலபமானதல்ல.

அவருடைய சொல் யூடைமோனியா. அதை மகிழ்ச்சி என்று பெயர்ப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. மகிழ்ச்சி காலையில் இருக்கும், மாலையில் போய்விடும். யூடைமோனியா முழு வாழ்க்கையையும் பார்த்துச் சொல்வது. நம்முடைய 'வாழ்வாங்கு வாழ்தல்' கிட்டத்தில் வரும். அறம் என்று நான் எழுதிய அரெத்தேயும் அப்படித்தான். கண்ணுக்கும் அரெத்தே உண்டு, குதிரைக்கும் உண்டு: நன்றாகப் பார்ப்பது, நன்றாக ஓடுவது. மனிதனுக்கு அது பழகிப் பழகி வருகிறது. யாழ் வாசித்து வாசித்தே யாழ் கைவருவதுபோல, நேர்மையான காரியங்களைச் செய்து செய்தே ஒருவன் நேர்மையானவன் ஆகிறான் என்கிறார். 30 வருடத் தராசைவிட இதற்கு நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது பக்கவாதத்தைப் பற்றி. அந்தக் கேள்வி அரிஸ்டாட்டிலுக்கும் மூத்தது. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதை சொல்கிறார். இன்றைய துருக்கியில் இருந்த லிதியா நாட்டின் அரசன் குரோசஸ் தன் கஜானாவையெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, ஏதென்ஸிலிருந்து வந்த, சட்டம் வகுத்த ஞானி சோலனிடம் 'நீர் பார்த்ததிலேயே பேறு பெற்றவன் யார்?' என்று கேட்கிறான். தன் பெயர் வரும் என்ற நினைப்பு. சோலன் சொன்னது டெல்லஸ் என்ற ஒரு ஏதென்ஸ்காரனின் பெயரை. நல்ல பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஒருவர்கூடச் சாகவில்லை, எலூசிஸில் நடந்த சண்டையில் எதிரியை விரட்டிவிட்டு விழுந்தான், விழுந்த இடத்திலேயே ஊர் அடக்கம் செய்தது. அரசனுக்குக் கோபம். முடிவைப் பார்க்காமல் யாரையும் பேறு பெற்றவன் என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டார் சோலன். பின்னால் பாரசீகத்துச் சைரஸிடம் தோற்று, சிதைமேல் நின்றபோது குரோசஸ் மூன்று முறை சோலன் பெயரைக் கூப்பிட்டானாம். (இருவரும் சந்தித்திருக்கவே முடியாது, காலம் இடிக்கிறது என்பார்கள். எனக்குக் கதை போதும்.)

'நிக்கோமாக்கிய அறவியல்' என்ற நூலின் முதல் பகுதியில் அரிஸ்டாட்டில் இந்தக் கதையோடுதான் மல்லுக்கட்டுகிறார். செத்த பிறகுதான் ஒருவன் நன்றாக வாழ்ந்தான் என்று சொல்ல வேண்டுமா? அபத்தம். சரி, அதிர்ஷ்டம் மாற மாற நாமும் சொல்லை மாற்றினால்? அவன் பச்சோந்தி ஆகிவிடுவான். பிறகு டிராய் அரசன் பிரியாமை எடுத்துக்கொள்கிறார். முதுமையில் மக்களையும் நகரத்தையும் இழந்த கிழவன். அவர் முடிவு இது: நல்லவன் ஒருபோதும் இழிநிலைக்குப் போவதில்லை, ஏனென்றால் இழிந்த காரியத்தை அவன் செய்யமாட்டான், ஆனால் பிரியாமின் கதி வந்தால் அவனைப் பேறு பெற்றவன் என்றும் சொல்ல முடியாது.

பின்னால் வந்த ஸ்டோயிக்குகள், அறம் ஒன்றே போதும் என்ற தத்துவக் கூட்டத்தார், இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். ஞானியை வதைச் சக்கரத்தில் கட்டினாலும் அவன் பேறு பெற்றவனே என்றார்கள். அரிஸ்டாட்டில் அவர்களுக்கு முன்பே, அப்படிச் சொல்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ உளறுகிறார்கள் என்று எழுதி வைத்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்ததே இந்த இடத்தில்தான். உங்கள் அப்பா படுக்கையில் கிடந்ததை 'அதனால் என்ன' என்று அவர் சொல்லியிருக்கமாட்டார்.

பிரியாமைப் பற்றிச் சொல்லும் அதே இடத்தில் ஓர் உவமை இருக்கிறது. நல்ல தளபதி தன்னிடம் இருக்கிற படையை வைத்துத் திறமாகச் சண்டை போடுவான். நல்ல செருப்புத் தைப்பவன் கையில் கிடைத்த தோலில் ஆகச் சிறந்த செருப்பைத் தைப்பான். நல்லவன் விதியைக் கையாள்வதும் அப்படியே என்கிறார். தோல் ஓட்டையாக இருந்தால் செருப்பு எப்படி இருக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இதே மனிதர் 'அரசியல்' நூலில், சிறந்த நகரத்தின் குடிமக்கள் கைத்தொழிலோ வியாபாரமோ செய்யக் கூடாது, அது அரெத்தேக்கு ஆகாது என்கிறார். உழுபவனுக்கும் இடமில்லை; ஓய்வு வேண்டுமாம். தராசு பிடித்த உங்கள் அப்பாவை அந்த நகரத்தில் வாசலுக்கு வெளியேதான் நிறுத்தியிருப்பார். அப்படிப்பட்டவர், விதியோடு நன்றாக வாழ்பவனுக்கு உவமை தேடும்போது செருப்புத் தைப்பவனிடம் போய் நிற்கிறார்!

படுக்கையில் இருந்த அந்த 4 வருடம் அப்பா உங்களோடு எப்படி இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்தால் எழுதுங்கள்.